பொலன்னறுவையும் குற்றால சீஸனும்

1

குற்றாலத்திற்கு சீஸனில் வருகிறவர்கள் குற்றாலத்தைப் பார்ப்பதில்லை. மெயின் அருவியில் தலையைக் கொடுக்கிறார்கள். ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்திற்கும் வேன் பிடிக்கிறார்கள். பிரானூரில் புரோட்டா சாப்பிட்டு, ரம்புட்டான் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அருவியிலிருந்து கூப்பிடு தூரத்தில் சித்திர சபை இருக்கிறது. குற்றாலநாதர் கோயில் சுவரில் பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இவற்றை அவர்கள் வேண்டாமென்று ஒதுக்குவதில்லை; இவை அவர்கள் கண்ணில் விழுவதே இல்லை. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குளிக்க வந்தவன் குளித்துவிட்டுப் போகட்டும். தென்காசியில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்துகொண்டு ஆனி ஆடி தோறும் இந்தப் போக்குவரத்தைப் பார்த்துவரும் எனக்கு அவர்கள்மேல் புகார் எதுவும் கிடையாது.

என் புகார் வேறு. இதே கண்ணைக் கழற்றாமல் எடுத்துக்கொண்டு வெளிநாடு போய், அங்கே பார்த்ததைக் கட்டுரையாகவும் கவிதையாகவும் எழுதி நம்மிடம் நீட்டுகிறார்களே, அவர்களைப் பற்றியது. அதிலும் குறிப்பாக இலங்கையின் பழைய தலைநகரங்களான அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் பற்றி எழுதப்படுவது. பொலன்னறுவையில் நான் இரண்டு நாட்கள் இருந்தேன். திரும்பி வந்தபின் அந்த ஊரைப் பற்றித் தமிழில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சலிப்புதான் மிஞ்சியது. எழுதியவர்கள் பலர், எழுதப்பட்டிருப்பதோ இரண்டே இரண்டு கட்டுரைகள். ஒன்று பெருமைக் கட்டுரை. மற்றது மௌனக் கட்டுரை. முன்னது வியாபாரப் பத்திரிகைகளில் வருகிறது. பின்னது நம் சிறுபத்திரிகைகளில் வருகிறது. முன்னதைப் பார்த்துச் சிரிப்பது நமக்குப் பழக்கம். பின்னதும் அதே சரக்குதான் என்பதை ஒப்புக்கொள்ள மட்டும் நமக்கு மனம் வருவதில்லை.

2

பெருமைக் கட்டுரையின் வாய்ப்பாடு இது. 993இல் ராஜராஜனின் படை இலங்கையில் இறங்கியது. அநுராதபுரம் வீழ்ந்தது. சோழர்கள் தலைநகரைப் பொலன்னறுவைக்கு மாற்றி ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். 1017இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். இன்று சிவ தேவாலயம் எண் 2 என்று பலகை மாட்டியிருக்கும் கற்றளி சோழர் எழுப்பிய வானவன்மாதேவி ஈச்சரம். அதன் முன் நின்று ‘நம் முன்னோர்’ என்று ஒரு பெருமூச்சு, ஒரு போட்டோ, பிறகு பஸ்.

இதில் சொல்லப்பட்ட எதுவும் பொய்யல்ல. சொல்லாமல் விட்டதில்தான் பொய் இருக்கிறது. சோழர் படை விகாரைகளில் தாது வைத்திருந்த அறைகளை உடைத்துப் பொன்னையும் மணியையும் அள்ளிச் சென்றதைச் சூளவம்சம் சொல்கிறது. 1070 வாக்கில் சோழரை வெளியேற்றிய முதலாம் விஜயபாகு, உபசம்பதை கொடுக்க நாட்டில் ஐந்து பிக்குகள்கூடத் தேறாததால் பர்மாவின் அனிருத்த மன்னனிடமிருந்து பிக்குகளை வரவழைக்க வேண்டியிருந்தது என்றும் அது சொல்கிறது. பிக்குகள் எழுதியது, மிகைப்படுத்தியிருப்பார்கள் என்று சமாதானம் சொல்லலாம். சொல்லலாம்தான். ஆனால் மெய்க்கீர்த்தி மட்டும் மிகையில்லாமல் எழுதப்பட்டது என்று நமக்கு யார் சொன்னார்கள்? புலவனுக்கும் பிக்குவுக்கும் படியளந்தவர்கள் வேறு வேறு அரசர்கள் என்பதைத் தவிர இந்த விஷயத்தில் என்ன வித்தியாசம்?

இன்னும் ஒரு கேள்வி. இந்த ‘நம்’ யார்? தென்காசியிலிருந்து போகிறவனை இந்தச் சொல் கொஞ்சம் தடுக்கி விழ வைக்க வேண்டும். என் ஊர் பாண்டிநாடு; சோழனிடம் தோற்ற நாடு. அந்தக் காலத்துப் பாண்டியன் ஒருவன் சோழனுக்குப் பயந்து இலங்கைக்கு ஓடி, குலத்தின் மணிமுடியை அங்கே அடைக்கலம் வைத்தான். பின்னால் ராஜேந்திரன் ஈழத்தில் கைப்பற்றியதாகத் தன் மெய்க்கீர்த்தியில் பெருமையடித்துக்கொள்ளும் பொருள்களில் அந்தப் பாண்டிய முடியும் ஒன்று. பாண்டியரும் சிங்கள மன்னர்களும் பல தலைமுறைகள் சோழருக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்திருந்தவர்கள். ஆகவே, 993இன் வெற்றியைத் தென்காசிக்காரன் ‘நம் வெற்றி’ என்று எழுதும்போது, தன் ஊரைத் தோற்கடித்தவனின் கணக்கைத் தன் பெயரில் வரவு வைத்துக்கொள்கிறான். தமிழர், சிங்களர் என்று இரண்டே பத்திகள் போட்ட பேரேடு இக்காலத்துச் சரக்கு. அதை எடுத்துப்போய் பதினோராம் நூற்றாண்டின் மேல் விரித்துக் கூட்டினால் கணக்கு நேராகாது.

பொலன்னறுவைக்கு வடக்கே தெமள மஹா ஸேய என்று ஒரு பெரிய மண்மேடு இருக்கிறது. தமிழப் பெருந்தூபம் என்று பொருள். முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பாண்டிநாட்டு வாரிசுச் சண்டையில் தலையிட்டுத் தன் தளபதி லங்காபுரனைப் படையோடு அனுப்பினான். அங்கே சிறைபிடித்த தமிழர்களைக் கொண்டுவந்து இந்தத் தூபத்தைக் கட்டவைத்தான். பெயர்க் காரணம் அதுதான். அநுராதபுரத்தில் சோழர் காலத்தில் சிதைந்த மகா தூபத்தைப் பழுது பார்த்ததும் தமிழ்க் கைதிகளே என்கிறது சூளவம்சம். மதுரைப் பக்கத்திலிருந்தும் ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்தும் கொண்டுபோகப்பட்டவர்கள். ‘நம் முன்னோர்’ என்று உண்மையில் சொல்லத்தக்கவர்கள் அந்தக் கூட்டத்தில்தான் இருந்திருப்பார்கள், மெய்க்கீர்த்தியில் அல்ல. நான் படித்த பெருமைக் கட்டுரை எதிலும் இந்த மேடு இல்லை. செங்கல் சுமந்தவனை முன்னோனாக வைத்துக்கொள்ள யாருக்குத்தான் ஆசை!

அப்புறம் வேளைக்காரர் கல்வெட்டு. அட்டதாகே என்ற பழைய தந்ததாது மாளிகையின் அருகே நிற்கும் கற்பலகை. கிரந்தமும் தமிழும் கலந்து எழுதப்பட்டது. விஜயபாகுவின் மறைவுக்குப் பின், புத்தரின் பல் வைத்திருந்த மாளிகையைக் காக்கும் பொறுப்பை முகலன் மகாதேரரின் வேண்டுகோளுக்கு இணங்க வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்ட செய்தி. வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர் என்று படைப்பிரிவுகளின் பட்டியலே இருக்கிறது. விகாரைக்கு ‘மூன்றுகைத் திருவேளைக்காரன்’ என்று தம் பெயரையே சேர்த்துப் பெரும்பள்ளி ஆக்கியிருக்கிறார்கள். இந்த வேளைக்காரர்கள் சாதுக்கள் அல்ல. அதே விஜயபாகுவின் காலத்தில், சோழநாட்டின் மேல் படையெடுக்க ஏவப்பட்டபோது மறுத்துக் கலகம் செய்து தளபதிகளைக் கொன்றவர்கள். அரசன் அவர்கள் தலைவர்களைக் கொடூரமாகத் தண்டித்திருக்கிறான். அப்படிப்பட்ட கூலிப்படைதான் பின்னால் தந்ததாதுவுக்குக் காவல் நிற்க உறுதி எழுதிக் கொடுக்கிறது, தமிழில்.

பொலன்னறுவையில் ஒரு தமிழன் படிக்க வேண்டியது இந்தக் கல்லைத்தான். விசுவாசம், கூலி, மதம், மொழி, துரோகம், வாக்குறுதி எல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கிற கல் இது. ஒரு நாவலாசிரியனுக்கு ஆயுள் முழுவதும் போதும். ஆனால் இதில் பெருமைப்பட ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே சீஸன் கண்ணுக்கு இது வெறும் பலகை.

3

இனி நம் ஆட்களைப் பற்றி.

மௌனக் கட்டுரைக்காரர் ராஜராஜனை நினைத்து விம்முவதில்லை. அவர் நவீனமானவர். சிவ தேவாலயத்தை லேசான அலட்சியத்தோடு கடந்து நேரே கல் விகாரைக்குப் போகிறார். ஒரே பாறையில் செதுக்கிய உருவங்கள்: அமர்ந்திருப்பவர், குகைக்குள் அமர்ந்திருப்பவர், ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரத்தில் நிற்பவர், பதினான்கு மீட்டர் நீளத்தில் சயனித்திருப்பவர். அங்கிருந்து கவிதை தொடங்கிவிடுகிறது. கல்லின் புன்னகை, சூன்யம், காலமற்ற மௌனம், சருகு, ஒற்றைப் பறவை. வரிகளை உடைத்து எழுதினால் கவிதை. சேர்த்து எழுதினால் கட்டுரை. இதே கவிதையை அமராவதியிலும் எழுதலாம், போரோபுதூரிலும் எழுதலாம், மியூசியத்தில் வாங்கிய படத்தபாலைப் பார்த்தும் எழுதலாம். ஓர் ஊருக்குப் போய்வந்ததற்கான தடயமே இல்லாத எழுத்தை எந்த அர்த்தத்தில் அனுபவம் என்கிறோம்?

ஸ்தூலமான விஷயங்களைச் சொல்கிறேன். கல் விகாரையில் மௌனம் கிடையாது. உருவங்களுக்கு இடையே பாறையைச் சமதளமாக்கி நீண்ட சாசனம் ஒன்றை வெட்டியிருக்கிறார்கள். பராக்கிரமபாகு 1165 வாக்கில் மூன்று நிகாயங்களாகப் பிளந்து கிடந்த சங்கத்தை ஒன்றாக்கி, ஒழுக்கம் கெட்டவர்களை வெளியேற்றி, பிக்குகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வகுத்த கதிகாவதம் அது. கிட்டத்தட்ட ஓர் அலுவலகச் சுற்றறிக்கை. நிற்கும் புத்தரும் அமர்ந்த புத்தரும் அந்தச் சுற்றறிக்கைக்கு இரு பக்கமும் இருக்கிறார்கள். துறவிகளின் ஒழுங்கீனம், அரசனின் தலையீடு, அதிகாரம் மதத்தைத் திருத்தும் காட்சி எல்லாம் அந்தப் பாறையிலேயே எழுதியிருக்க, நம் கவிஞர் ‘பாறை பேசவில்லை’ என்று எழுதிவிட்டு வருகிறார்.

திறந்த வெளியும் அப்படித்தான். வானத்தின் கீழ், இயற்கையோடு இயற்கையாக என்று எழுதுகிறார்கள். உருவங்களைச் சுற்றிச் செங்கல் சுவர்களின் அடிப்பகுதி இன்னும் கிடக்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனிப் படிமக்கோயிலுக்குள், விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை. 13ஆம் நூற்றாண்டில் கலிங்க மாகனின் படையெடுப்புக்குப் பின் நகரம் கைவிடப்பட்டுக் காடு ஏறியபோது சுவர்கள் போயின. அந்த நாசத்தின் விளைவைத்தான் நம் கவிஞர்கள் இயற்கை என்று ரசிக்கிறார்கள். போதாததற்கு, இப்போது மேலே பெரிய கூரையும் போட்டிருக்கிறார்கள். அந்தக் கூரை எந்தக் கவிதையிலும் இல்லை.

தாமஸ் மெர்ட்டனைக் காட்டி வாதாடுவார்கள் என்று தெரியும். 1968 டிசம்பரில் அந்த அமெரிக்கத் துறவி வெறுங்காலோடு ஈரப் புல்லில் நடந்துபோய் இந்த உருவங்களுக்கு முன் நின்று பெரிய தெளிவை அடைந்ததாகத் தன் ஆசியக் குறிப்பேட்டில் எழுதினார். சில நாட்களில் பாங்காக்கில் இறந்துபோனார். உண்மையான பக்கங்கள் அவை. ஆனால் மெர்ட்டன் அந்த இடத்திற்கு வந்து சேர்ந்தது இருபத்தைந்து வருஷத்திற்கு மேற்பட்ட மடாலய வாழ்வையும், நீண்ட கால பௌத்தப் படிப்பையும், தன் சபையோடு போட்ட சண்டைகளையும் சுமந்துகொண்டு. வந்து சேர்ந்ததன் கனம் அந்தப் பக்கங்களில் தெரிகிறது. நமக்கோ கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஆறு மணி நேரம். அவர் பெற்ற தரிசனத்தை இரவல் வாங்கி அதற்குத் தமிழ் வார்த்தை போடுவதற்குப் பெயர் நவீனத்துவம் அல்ல.

தமிழில் புத்தர் கவிதைக்குள் நிஜமாக வந்தது எப்போது என்று கேட்டால் நான் எம்.ஏ.நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’யைச் சொல்வேன். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது எழுதியது. அந்தக் கவிதையில் புத்தர் மௌனத்தின் சின்னம் அல்லர். நூலகத்தின் படிக்கட்டில் சுடப்பட்டுக் கிடப்பவர். சுட்டவர்கள் அவரையே வணங்குகிறவர்கள். அங்கே அந்தப் பெயர் ஒரு வேலை செய்கிறது. எதிராளியின் மதிப்பீட்டை எடுத்து எதிராளியிடமே நீட்டுகிறது. அந்தக் கவிதை வந்த பின்னும் புத்தரைப் பூஜாடி மாதிரி கவிதை மூலையில் வைக்கிறவர்களுக்கு என்ன சொல்வது?

4

பெருமையும் மௌனமும் ஒரே வேரில் முளைத்தவை. அந்த வேர் எங்கள் குற்றாலத்தில்தான் இருக்கிறது என்று சொன்னால் ஊர்க்காரர்கள் கோபிப்பார்கள். ரசிகமணி டி.கே.சி.யைச் சொல்கிறேன். பெரிய மனிதர். பண்டிதர்களின் உரைக்குப்பையிலிருந்து கவிதையை மீட்டு, அதை வாய்விட்டுப் படித்து அனுபவிக்கலாம் என்று காட்டியவர். 1954இல் மறையும் வரை குற்றாலத்து வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் தமிழை விருந்தாகப் பரிமாறியவர். ஆனால் அவர் விட்டுப்போன பழக்கம் ஒன்று இருக்கிறது. தம் ரசனைக்கு ஒத்துவந்தது கம்பனுடையது. ஒத்துவராதது எவனோ செருகியது. ரசனையே பிரதிக்கு நீதிபதி ஆயிற்று. கம்பனில் இதைச் செய்தபோது நஷ்டம் சில ஆயிரம் செய்யுட்கள். ஏடுகள் பிழைத்திருப்பதால் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சரித்திரத்தில் இதைச் செய்தால் திரும்ப எடுக்க ஒன்றும் இருக்காது.

தமிழ்ச் சரித்திரத்திலிருந்து பௌத்தத்தை நாம் இப்படித்தான் இடைச்செருகலாக்கிக் கழித்தோம். பொலன்னறுவையில் நின்று ‘அவர்கள் மதம்’ என்று ஒருவனும் ‘அந்நியமான சாந்தி’ என்று இன்னொருவனும் எழுத முடிவது இதனால்தான்.

ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங் அங்கே சுமார் நூறு சங்காராமங்களும் பத்தாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதினார். அதுவும் ஒரு பழைய தலைநகரம்தான். விசா இல்லாமல் போகலாம். பட்டுப் புடவை எடுக்கப் போகிறோம். சோழரின் ஆதித் தலைநகரான புகாரில், பல்லவனீச்சரத்தில், 1960களில் தோண்டியபோது விகாரையின் செங்கல் அடித்தளமும் புத்தபாதமும் கிடைத்தன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே இறையிலியாகக் கொடுத்தவன் ராஜராஜன். அநுராதபுரத்தைச் சூறையாடிய படை யாருடையதோ அதே ராஜராஜன். இதைச் சமயப்பொறை என்று பள்ளிப் புத்தகம் சொல்கிறது. ஸ்ரீவிஜய அரசனோடு இருந்த கடல் வியாபாரம் என்று சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும். அந்த விகாரையின் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. இடித்தவர்கள் ஏசு சபையினர். அனுமதித்தது ஆங்கில அரசு. வேடிக்கை பார்த்தவர்கள் நாம்.

வீரசோழியம் எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். அகத்தியன் தமிழ் கற்றது அவலோகிதரிடம் என்கிறது அந்த நூலின் மரபு. அவலோகிதரின் இருப்பிடம் தென்கோடியிலுள்ள பொதலகம் என்ற மலை என்று யுவான் சுவாங் கேள்விப்பட்டு எழுதினார். ஜப்பானிய ஆய்வாளர் ஷூ ஹிகோசகா 1989இல் அந்தப் பொதலகம் பொதியில்தான் என்று வாதிட்டார். முடிந்த முடிபாக இதை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பொதிகையின் சாரலில் நனைந்தபடி அகத்தியனைப் பற்றிப் பட்டிமன்றம் பேசுகிற ஊரில், அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்ததாக ஒரு பௌத்த மரபு இருந்தது என்ற விஷயமே யார் காதிலும் விழுந்ததில்லையே, அது எப்படி?

1898ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்வோம். அந்த வருஷம் உ.வே.சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தார். அது எந்த மதத்து நூல் என்று சொல்லக்கூட ஆளில்லாத நிலையில் தொடங்கி, பௌத்தத்தைத் தேடிப் படித்து, உரையும் எழுதி வெளியிட்டார். அதே வருஷம் அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டோடு இலங்கைக்குப் போய் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். தமிழன் ஒருவன் இலங்கைக்குப் போய்வந்த பயணங்களில் இதைவிடத் தீவிரமானது வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. தாழ்த்தப்பட்டவர்கள் ஆதியில் பௌத்தர்கள் என்று அவர் சொன்னதை எல்லாவற்றிலும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவருக்குப் பௌத்தம் பார்க்கும் பொருளாக இல்லை. தன் ஜனங்களின் இழந்த பெயராக இருந்தது. நம் பயண இலக்கியப் பட்டியல் எதிலும் அந்தப் பயணம் இல்லை. அவர் எழுத்துகள் 1999இல்தான் பாளையங்கோட்டையிலிருந்து தொகுதிகளாக வந்தன. தென்காசியிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் தூரம். அதற்கு முன் எண்பது வருஷங்களுக்கு மேல் நம் இலக்கிய மேதைகள் அவரைப் படிக்காமலேயே தமிழ்ச் சிந்தனை வரலாறு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று வழிபடப்பட்ட சிலை புத்தருடையதே என்ற நிபுணர் குழுவின் அறிக்கையை ஏற்று, அதைத் தொல்லியல் துறையின் வசம் ஒப்படைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் உத்தரவிட்டது. ஒரு சிலை தன் பெயரைத் திரும்பப் பெற நீதிமன்றத்திற்குப் போக வேண்டியிருக்கிறது. இந்தச் செய்தி வந்தபோது ‘கல்லின் புன்னகை’க் கவிஞர்கள் யாரும் வாய் திறந்ததாக எனக்கு ஞாபகமில்லை. முனியப்பன் புன்னகைக்கவில்லை போலும்.

5

இதற்கு வரக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும். இலங்கைத் தமிழன் பட்ட பாட்டிற்குப் பிறகு, அங்கே இடிபாடுகளைக் காட்டியே நிலம் பிடிக்கப்படும் சூழலில், தமிழரின் பெருமையைக் குறைத்துப் பேசுவது யாருக்கு உதவும் என்பார்கள்.

கேள்வி நியாயமானது. பதில் இது. மண்ணுக்குள்ளிருந்து வரும் பௌத்தமெல்லாம் சிங்களம் என்கிறது அங்கேயுள்ள பேரினவாதம். தமிழெல்லாம் சைவம் என்கிறோம் நாம். வாயில் நுரை தள்ளச் சண்டை போடும் இரண்டு தரப்பும் இந்த ஒரு விஷயத்தில் பூரண ஒப்பந்தத்தில் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. இந்த ஒப்பந்தத்தை உடைக்கும் சாட்சி திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரையில் கிடக்கிறது. சோழர் காலத்தில் ராஜராஜப்பெரும்பள்ளி என்று பெயர் கொண்டிருந்த அந்தப் பள்ளிக்கு விளக்கும் பசுவும் தானம் கொடுத்தவர்கள் அதைத் தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தமிழ் பேசிய பௌத்தர்களை நாம் ஒப்புக்கொண்டால், புத்தர் சிலை கிடைத்த இடமெல்லாம் சிங்களனுக்குச் சொந்தம் என்ற வாதம் அடிமண் இழந்துபோகும். ராஜராஜனின் வாளைத் தூக்கிக் காட்டினாலோ, அந்த வாதம்தான் பலப்படும். அவர்கள் நம்மைப் பற்றிச் சொல்வதற்கு நாமே அத்தாட்சி எழுதிக் கொடுத்தவர்களாவோம்.

பெருமை என்பது பேச்சோடு நிற்பதும் இல்லை. 1981இல் நூலகத்தை எரித்தவர்கள் தங்கள் தரப்புச் சரித்திரப் பெருமையில் ஊறியவர்கள். 1985 மே 14 அன்று அநுராதபுரத்தில் பஸ் நிலையத்திலும் ஸ்ரீ மஹா போதியின் அருகிலும் புலிகள் 140க்கு மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள், கும்பிட வந்தவர்கள். அநுராதபுரத்தைப் பற்றி எழுதும் தமிழன் இந்த இரண்டாவதைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் முதலாவதைப் பற்றி மட்டும் எழுதினால், அவன் துக்கத்தையும் நான் நம்பத் தயாராக இல்லை. இரண்டையும் விட்டுவிட்டுச் சருகையும் பறவையையும் எழுதுகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்றே எனக்குத் தெரியவில்லை.

6

யாரும் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகிறவர்கள் எல்லோரும் சரித்திர ஆராய்ச்சியாளர் ஆக வேண்டும் என்றும் சொல்லவில்லை. எழுதுகிறவனிடம்தான் கேட்கிறேன். கல்லில் எழுத்து இருந்தால் அது என்ன சொல்கிறது என்று கேட்டறிந்து எழுது. யார் கட்டினான், யாரைக் கொண்டு கட்டினான், யார் இடித்தான் என்று விசாரி. இதெல்லாம் தெரிந்தபின்னும் மௌனம் வருமானால், அது வேறு மௌனம். அதை எழுது, படிக்கிறேன்.

என் ஊரும் ஒரு பழைய தலைநகரம். மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர்களின் கடைசி இருப்பு. 1446இல் இங்கே காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், இது பின்னால் பழுதுபட்டால் பழுது பார்க்கப் போகிறவர்களின் காலில் இப்போதே விழுந்து கும்பிடுவதாகச் செய்யுளாக்கிக் கல்லில் வைத்துவிட்டுப் போனான். வருகிறவன் யார், எந்த வம்சம், எந்த மதம் என்று அவன் கேட்கவில்லை. அந்தக் கோபுரம் எரிந்து சிதைந்து, 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மொட்டையாக நின்று, 1990இல்தான் மீண்டும் எழுந்தது. மன்னர்களின் சொற்களில் ஒரு தென்காசிக்காரன் எடுத்துப்போகத் தகுந்தது ராஜராஜனின் மெய்க்கீர்த்தி அல்ல, இந்தக் கும்பிடுதான். தனக்குச் சம்பந்தமில்லாத பள்ளிக்கும் காவல் நிற்போம் என்று எழுதிக்கொடுத்த வேளைக்காரனுக்கும், தன் கோயிலைக் காக்க வரும் முகம் தெரியாதவனை வணங்கிய தோற்றுப்போன பாண்டியனுக்கும் இடையில் ஒரு சம்பாஷணை சாத்தியம். அதை எழுத இன்னும் ஆள் வரவில்லை.

நம் பத்திரிகைகள் ஒரு காரியம் செய்யலாம். புத்தர் கவிதைகளை ஒரு வருஷம் நிறுத்திவைத்துவிட்டு, அந்தப் பக்கங்களில் வேளைக்காரர் கல்வெட்டின் முழு வாசகத்தையும், வெல்கம் விகாரைத் தானங்களையும், கல் விகாரைக் கதிகாவதத்தின் தமிழாக்கத்தையும் குறிப்புகளோடு வெளியிடலாம். நஷ்டம் ஒன்றும் வராது. அந்தக் கவிதைகளை எப்படியும் யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை.